கொடுத்த கையும் வாங்கிய கையும்

கொடுக்கிறவன் கை மேலே இருக்கும். வாங்குகிறவன் கை கீழே இருக்கும். இது உலக வழக்கம். ஆனால் எத்தனை காலத்துக்கு அப்படியே இருப்பது? பத்து வருடமா, நூறு வருடமா? வாங்கிப் பழகியவன் ஒரு நாள் நிமிர்ந்து நின்று, "இனி என் காரியத்தை நானே பார்த்துக்கொள்கிறேன், முடிந்தால் பிறருக்கும் கொடுக்கிறேன்" என்று சொன்னால், கொடுத்துப் பழகியவர் மகிழ்வாரா, முகம் சுளிப்பாரா?

கோயில் கமிட்டியாகட்டும், மணிமன்றமாகட்டும், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமாகட்டும், வெளியாரிடம் உதவி பெறும் எந்தப் பொதுக் காரியத்திலும் இந்தக் கேள்வி எழத்தான் செய்கிறது. முந்நூறு வருடங்களுக்கு மேலாக இதோடு மல்லுக்கட்டி வந்திருக்கிற ஒரு கூட்டத்தாரின் கதையை இங்கே சொல்லப்போகிறேன். அவர்கள் லுத்தரன் திருச்சபையார். கதை தமிழ் மண்ணில் தொடங்கி, நம் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வருகிறது. வாசகர்கள் எந்தச் சமயத்தவராயினும் இதில் எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு.

லுத்தரன் என்றால் யார்?

கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கர், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் எனப் பல பிரிவினர் இருப்பதை நாம் அறிவோம். லுத்தரனும் அவற்றில் ஒன்று. 1517ஆம் ஆண்டில், ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லுத்தர் என்ற துறவி, பாவத்தின் தண்டனைக்குக் காசு வாங்கிக்கொண்டு விலக்குச் சீட்டு விற்பதை எதிர்த்து 95 வாதங்களை வெளியிட்டார். அவர் வழியில் போனவர்களே லுத்தரன் சபையார்.

கத்தோலிக்கருக்கு ரோமாபுரியில் போப்பாண்டவர் இருக்கிறார். லுத்தரன் சபைகளுக்கு அப்படி ஒரு தலைவர் இல்லை. ஒவ்வொரு நாட்டுச் சபையும் ஒரு தனிக்குடித்தனம். ஆகவே ஒரு நாட்டுச் சபைக்கும் இன்னொரு நாட்டுச் சபைக்கும் உள்ள உறவு கட்டளையால் வருவதில்லை. சம்பந்தி வீட்டு உறவைப் போலப் பேசி, பழகி, விட்டுக்கொடுத்து வளர்க்க வேண்டியதாக இருக்கிறது. அதில்தான் அழகும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது.

மூன்று நாட்டார் இழுத்த தேர்

தஞ்சைக் கரையோரத்தில் உள்ள தரங்கம்பாடி, 1620ஆம் ஆண்டு முதல் டென்மார்க்குக்காரர்களின் வியாபாரத் துறைமுகமாக இருந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அங்கே சமயப் பணிக்கு ஆள் அனுப்ப விரும்பினார். போகத் துணிந்தவர்களோ இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள். பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றி புளூட்சோ ஆகிய அவ்விருவரும் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள்.

அரசர் டென்மார்க்கில், ஆட்களைத் தந்து பின்பலமாக நின்ற பள்ளியும் அநாதை இல்லமும் ஜெர்மனியின் ஹாலே நகரில். மூன்றாவதாக ஆங்கிலேயரும் கைகொடுத்தார்கள். லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் லுத்தரன்கள் அல்லர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள். அப்படியிருந்தும் ஓர் அச்சு இயந்திரத்தையும் அதை இயக்க ஓர் ஆளையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். வழியில் அந்தக் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டது. பணம் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. அச்சுக்காரர் நடுக்கடலில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. தரங்கம்பாடிக் கோட்டையில் இருந்த சிப்பாய்களில் ஒருவருக்கு அந்தத் தொழில் தெரிந்திருந்ததால் வேலை நடந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது.

இந்தத் தேரை இழுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சீகன்பால்க் தமிழ் கற்றது தமிழர்களிடம். ஓலைச்சுவடிகளை வாசித்துக் காட்டியவர்களும், பேச்சு மொழியைத் திருத்தியவர்களும் தமிழர்களே. பேதுரு மலையப்பன் என்ற இளைஞர் மொழிபெயர்ப்புக்குத் துணையாக 1714இல் அவரோடு ஐரோப்பாவுக்கே பயணம் போனார். 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றார். மிஷனரிமார் கரையில் கால் வைத்து 27 வருடங்கள் கழித்துத்தான் ஒரு தமிழருக்கு அந்த இடம் கிடைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பெட்டிக்குள் உறங்கிய நூல்

தூரத்தில் இருந்து பணம் அனுப்புகிறவருக்கும் களத்தில் நிற்கிறவருக்கும் வருகிற மனஸ்தாபம் அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

சீகன்பால்க் தமிழ் மக்களின் தெய்வங்களைப் பற்றியும், வழிபாட்டு முறைகளைப் பற்றியும் கேட்டும் படித்தும் ஒரு பெரிய நூல் எழுதி, 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். அச்சிட்டு மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தார். அங்கிருந்த பெரியவர்களோ, புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர அதை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்ற கருத்தில் நூலை ஒதுக்கிவிட்டார்கள். அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. எழுதியவர் காலமாகி ஏறக்குறைய 150 வருடங்கள் ஆகியிருந்தன! அன்றைய தமிழரின் சமய வாழ்க்கையை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர்கள் இன்று அந்த நூலைத் தேடிப் படிக்கிறார்கள்.

கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தாருக்கும் அவருக்கும் வேறொரு தகராறு. கோயில், பள்ளிக்கூடம் என்று கட்டடங்களில் பணத்தைப் போடக் கூடாது. அப்போஸ்தலர்களைப் போல வெறுங்கையோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்று அங்கே மேசையில் அமர்ந்தவர்கள் கடிதம் எழுதினார்கள். இங்கே வெயிலிலும் மழையிலும் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் தரங்கம்பாடியில் இன்றும் நிற்கிறது. அதைக் கட்டியவர் உடலும் மனமும் நொந்து, 1719 பிப்ரவரியில் தம் 36ஆம் வயதில் கண்ணை மூடினார்.

போர் வந்தபோது தெரிந்த உறவு

1845இல் டென்மார்க்குக்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அதற்குள் சபைப்பணி ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. பிற்பாடு ஸ்வீடன் நாட்டுச் சபையாரும் அவர்களோடு சேர்ந்து உழைக்கத் தொடங்கினார்கள்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. இந்தியாவை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்; ஆகவே ஜெர்மானிய மிஷனரிகள் ஒரே நாளில் பகை நாட்டவர் ஆகிவிட்டார்கள். முகாமில் அடைத்தார்கள், பிறகு நாட்டைவிட்டே அனுப்பினார்கள். பள்ளிகளும் ஆலயங்களும் விடுதிகளும் மேய்ப்பனில்லாத மந்தையாகும் நிலை. ஸ்வீடன் போரில் சேராத நாடு. எனவே ஸ்வீடன் மிஷனார் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரன் இல்லாத நேரத்தில் அவன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போனவன், வேலியைத் தள்ளிப் போட்டுச் சொந்தமாக்கிக்கொள்வது ஊரில் நடக்காத காரியமல்ல. இங்கே அப்படி நடக்கவில்லை. 1920களின் நடுவில் ஜெர்மானியர் திரும்பிவர அனுமதி கிடைத்தபோது, ஸ்வீடன்காரர்கள் அவர்களுக்கு இடம் விட்டுப் பணியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் மறுபடியும் முகாமுக்குப் போனபோது, மறுபடியும் கைகொடுத்தவர்கள் ஸ்வீடன்காரர்களே.

அந்த முதல் போருக்கு இன்னொரு பலனும் உண்டு. வெளிநாட்டார் என்றைக்கும் இருப்பார்கள் என்ற எண்ணம் உடைந்தது. 1919ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, தனித்து நிற்கும் திருச்சபையாக அமைந்தது. அதே ஆண்டு ஜூலையில் வட இந்தியாவின் ராஞ்சியில், ஜெர்மானியரின் கொஸ்னர் மிஷன் வளர்த்த ஆதிவாசி மக்களின் சபையும் தன்னாட்சியை அறிவித்தது.

ஆயினும் பெயர்ப்பலகை மாறினால் எல்லாம் மாறிவிடாது. தமிழ்ச் சபையின் முதல் பேராயராக 1921இல் அமர்ந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஹியூமன். அடுத்த இரண்டு பேராயர்களும் ஸ்வீடன் மிஷனரிமாரே. டாக்டர் ராஜா மாணிக்கம் முதல் இந்தியப் பேராயராக வந்தது 1956இல்! சபை சுதந்திரம் பெற்று 37 வருடங்கள். இந்தியா சுதந்திரம் பெற்றே 9 வருடங்கள் ஆகிவிட்டன. துரைமார் போய் நம்மவர் மானேஜராக வந்த காலத்தைத் தோட்டத்தில் பார்த்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பின் பொருள் விளங்கும். நல்லெண்ணம் உள்ள இடத்திலும் நாற்காலியை விட்டு எழுவது லேசல்ல.

மலாயாவுக்கு வந்த பங்கு

இனிதான் நமக்கு நெருக்கமான அத்தியாயம். இரயில்வேயிலும், தோட்டங்களிலும், அரசாங்க அலுவலகங்களிலும் வேலை தேடி மலாயா வந்த தமிழர்களில் லுத்தரன் சபையாரும் இருந்தார்கள். அவர்களுக்குக் குருமார் வேண்டும்; அதுவும் தமிழ் பேசும் குருமார் வேண்டும். அவர்களை அனுப்பி உதவியது தமிழ்நாட்டுச் சபை. இந்நாட்டுத் தமிழ் லுத்தரன் சபை தன் தொடக்கத்தை 1907ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. இரயில்வே தொழிலாளர் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸில் அதன் சீயோன் ஆலயம் எழும்பியது.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். டென்மார்க்கிடமும் ஜெர்மனியிடமும் ஸ்வீடனிடமும் வாங்கிய கை, இப்போது கடல் தாண்டிக் கொடுக்கும் கையாகிவிட்டது. பணக்காரர் ஆன பிறகு கொடுத்தார்களா? இல்லை. இன்னும் பிறர் உதவியில் நின்றுகொண்டே கொடுத்தார்கள். தன் வயிறு நிறைந்த பிறகுதான் தானம் என்று நினைத்திருந்தால் மலாயாவுக்கு ஒரு குருவும் கப்பலேறியிருக்க மாட்டார்.

ஜப்பான்காரன் காலத்தில் தமிழ்நாட்டோடு கடிதப் போக்குவரத்தும் கப்பலும் நின்றுபோயின. போருக்குப் பிறகு நாடும் சுதந்திரம் அடைந்தது. 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டுச் சபை தாய்ச் சபையிலிருந்து பிரிந்து தனிக் குடும்பமாயிற்று. இன்று அதன் பெயர் மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை.

நம் நாட்டில் லுத்தரன் சபை இது ஒன்று மட்டும் அல்ல. சீனாவில் ஆட்சி மாறியபின் அங்கே பணி செய்ய முடியாமல் போன அமெரிக்க லுத்தரன் மிஷனரிகள், 1950களின் தொடக்கத்தில், அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களில் சீன மக்களிடையே வேலை செய்தார்கள். அதில் பிறந்த சபையில் சிங்கப்பூர்ப் பகுதி 1997இல் தனிச் சபையானது. சபாவில் ஹக்கா சீனர்களும் ருங்குஸ் மக்களும் பெருகிய இரண்டு சபைகள் உண்டு. ஆக, தரங்கம்பாடியிலிருந்து ஒரு வழி, சீனாவிலிருந்து ஒரு வழி என்று வந்தவர்கள் ஒரே நாட்டில் அண்டை வீட்டுக்காரர்கள் ஆகியிருக்கிறார்கள்.

தோளோடு தோள்

இப்படிப் பல நாடுகளில் சிதறியிருக்கும் சபைகள் கூடிப்பேச ஒரு பொது மேடை வேண்டுமே? இரண்டாம் உலகப்போர் முடிந்து இரண்டே வருடங்களில், 1947இல், ஸ்வீடனின் லுண்ட் நகரில் லுத்தரன் உலக சம்மேளனம் அமைக்கப்பட்டது. ஒருவரோடொருவர் போரிட்ட நாட்டுக்காரர்கள் அங்கே ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அப்போது உலக லுத்தரன்களில் ஆறில் ஒருவர் வீடிழந்த அகதி. ஆகவே அகதிகளுக்குச் சோறும் கூரையும் தருவதே முதல் வேலையாயிற்று. இன்று ஜெனிவாவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தச் சம்மேளனத்தில் ஏறத்தாழ 150 சபைகள், 7 கோடிக்கும் அதிகமான மக்கள் இருக்கிறார்கள். நான் சொன்ன மலேசியச் சபைகளும் அதில் உறுப்பினர்கள்.

உறவு என்றால் தட்டிக் கேட்கவும் வேண்டும் அல்லவா? 1984இல் புடாபெஸ்ட் மாநாட்டில், நிறவெறியை விட்டொழிக்காத காரணத்தால் தென் ஆப்பிரிக்காவையும் நமீபியாவையும் சேர்ந்த இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையைச் சம்மேளனம் நிறுத்தி வைத்தது. அந்தச் சமயம் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் தான்சானியாவின் பேராயர் ஜோசையா கிபிரா என்ற கறுப்பினத்தவர்!

மாநாட்டு மேடைக்கு வெளியே, சாதாரணச் சபையாரிடையே உறவு எப்படி நடக்கிறது என்பதற்கும் தான்சானியாவிலேயே உதாரணம் இருக்கிறது. அந்நாட்டின் இரிங்கா மறைமாவட்டமும் அமெரிக்காவில் மின்னசோட்டாவின் செயின்ட் பால் வட்டாரச் சபைகளும் 1987 முதல் துணைச் சபைகளாக இருக்கின்றன. உறவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பேகா க்வா பேகா'. சுவாஹிலி மொழியில் 'தோளோடு தோள்' என்று பொருள். அங்கே ஒரு சபை, இங்கே ஒரு சபை என்று ஜோடி சேர்க்கிறார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவர் பிரார்த்தனை செய்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் போகிறது. அமெரிக்கர்கள் இரிங்காவுக்குப் போவதோடு நிற்காமல், இரிங்காக்காரர்களும் மின்னசோட்டாவுக்கு வந்து பேசுகிறார்கள், பிரசங்கம் செய்கிறார்கள். பணம் ஒரு பக்கமாகப் போகலாம். விருந்து இரு பக்கமும் நடக்கிறது. இதுதான் முக்கியம். எப்போதும் ஒரே வீட்டில் விருந்து நடந்தால் அது உறவல்ல, அன்னதானம்.

எத்தியோப்பியாவிலிருந்து ஒரு கடிதம்

வாங்குகிறவர் வாய் திறந்த கதையையும் சொல்ல வேண்டும். எத்தியோப்பியாவின் மெகானே யேசுஸ் சபை 1959இல் அமைந்தபோது அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 65,000 பேர். 1972இல் அச்சபை ஒரு நீண்ட கடிதத்தைச் சம்மேளனத்துக்கு அனுப்பியது. அப்போது பொதுச் செயலாளராக இருந்தவர் குதினா தும்சா.

கடிதத்தின் சாரம் இதுதான்: ஆஸ்பத்திரி, கிணறு, பள்ளிக்கூடம் என்றால் மேல்நாட்டார் தாராளமாகப் பணம் தருகிறார்கள், ஆன்மிகப் பணிக்கும் ஊழியர் பயிற்சிக்கும் கேட்டால் கை சுருங்குகிறது. மனிதனுக்கு எது தேவை என்பதைக் கொடுப்பவர் தம் நாட்டிலிருந்து தீர்மானிக்கிறார். மனிதன் உடலும் ஆத்மாவும் சேர்ந்தவன். அவனைக் கூறுபோட்டு ஒரு பாதிக்கு மட்டும் உதவ முடியாது.

உதவியை வாங்கிக்கொண்டே இப்படி எழுத எவ்வளவு துணிவு வேண்டும்! கொடுப்பவர்களும் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. 1974இல் நைரோபியில் கூடி இதைப் பற்றியே விவாதித்தார்கள். அதே ஆண்டு எத்தியோப்பியாவில் இராணுவ ஆட்சி வந்தது. அதற்கு அடிபணியாத குதினா தும்சா 1979இல் கடத்திக் கொல்லப்பட்டார். அவர் சபையோ அழியவில்லை. இன்று ஒரு கோடிக்கும் அதிகமான மக்களோடு, உலக லுத்தரன் சபைகளில் மிகப் பெரியதாக நிற்கிறது.

உறவு முறிந்த செய்தியையும் மறைப்பதற்கில்லை. ஒரே பாலினத்தவர் திருமணம் பற்றிய கருத்து வேறுபாட்டால், 2013இல் அந்த எத்தியோப்பியச் சபை ஸ்வீடன் சபையோடும் அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபையோடும் கொண்டிருந்த தொடர்பைத் துண்டித்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. பணம் வருகிறதே என்று வாய் மூடியிருக்காமல் வாங்குகிறவரும் வேண்டாம் என்று சொல்லும் காலம் வந்துவிட்டது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். பழைய கணக்கில் நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம் அது.

நமக்கு என்ன?

இந்தக் கதையிலிருந்து நம் சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் சில பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, இடத்தில் இருப்பவரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிக்கு உதவ வரும் நல்லவர்கள் பலர். ஆனால் வாசிக்கப் புத்தகம் இல்லாத பள்ளிக்கு வளைவு வாசலும், கூரை ஒழுகும் வகுப்புக்குக் கணினியும் வந்து சேர்வதை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கேட்கும்போது தயங்காமல் சொல்லும் பழக்கமும் எங்களுக்கு வர வேண்டும்.

இரண்டாவது, ஆளை உருவாக்க வேண்டும். தரங்கம்பாடியில் 1733இல் ஆரோனுக்குக் கிடைத்த பொறுப்பு பெரும்பேராக இருந்தது; பேராயர் நாற்காலிக்கு 1956 வரை காத்திருந்தது குறையாகவே நின்றது. எந்தச் சங்கத்திலும் அடுத்த தலைவரைப் பழக்காமல் முப்பது வருடம் ஒருவரே உழைப்பது சேவையாகத் தோன்றலாம். அவர் விழும் நாளில் சங்கமும் விழும்.

மூன்றாவது, பொறுப்பாகப் பார்த்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கத் தெரிய வேண்டும். இரண்டு போர்களிலும் ஸ்வீடன்காரர்கள் காட்டிய கண்ணியம் அது.

நான்காவது, கணக்கு இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும். வாங்கியவர் செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். கொடுத்தவரும், எதற்காக இதைக் கொடுக்கிறோம், எவ்வளவு காலம் கொடுப்போம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதி பிணக்குகள் சொல்லாமல் விட்டதால் வருகிறவையே.

ஐந்தாவது, வாங்குகிறவரும் ஏதாவது கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சபை தன் குறைவிலிருந்தே மலாயாவுக்கு ஆள் அனுப்பியது. நம் தோட்டத்து மக்களிடம் பணம் குறைவாக இருக்கலாம். உழைப்பும் நேரமும் விருந்தோம்பலும் குறைவில்லை. பட்டணத்துச் சங்கம் நம் பள்ளிக்கு நூலகம் அமைத்துத் தந்தால், அவர்கள் பிள்ளைகளை ஒரு நாள் தோட்டத்துக்கு அழைத்து, நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வைக்கலாம். உதவி செய்தவர்கள் வாழை இலையில் உட்கார்ந்து நம் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அடுத்த முறை வரும்போது நன்கொடையாளராக வர மாட்டார்கள், உறவினராக வருவார்கள்.